எங்க வீட்டுக் குப்பைத் தொட்டியில 1,820 வெள்ளி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க முழுசா படிங்க. சமைக்கிறவங்க மட்டும் இல்ல, வீட்டு ஆம்பளைங்களும் கட்டாயம் படிக்கணும்னு கேட்டுக்கிறேன். ஏன்னு போகப் போகத் தெரியும்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்துச்சு. வழக்கம்போல எங்க கோயில் தொண்டர்கள் தண்ணீர்மலைக்குப் போற வழியில பந்தல் போட்டிருந்தோம். எனக்கு அங்க பல வருஷமா ஒரே வேலைதான். சாப்பாடு பரிமாறுற இடத்தைப் பாத்துக்கணும், எல்லாம் முடிஞ்சதும் குப்பை மூட்டை கட்டணும். முதல் வேலையில நிறைய பேர் நிப்பாங்க. ரெண்டாவது வேலைக்கு ஆள் குறைஞ்சிடும். உங்களுக்கே தெரியும்.

அன்னிக்கு ராத்திரி மாநகர் மன்ற லாரி வந்துச்சு. மூட்டை தூக்க வந்தவர் நம்ம ஆளு, என்னைவிட வயசு கூட. ஒரு மூட்டையைத் தூக்கினார், அடி கிழிஞ்சு ரோட்டுல கொட்டிடுச்சு. புளிசாதம், தயிர்சாதம், பாதி கடிச்ச வடை, திறந்து ஒரு வாய் மட்டும் குடிச்ச மோர். நானும் அவரும் குனிஞ்சு அள்ளினோம். அவர் கோவப்படல. சிரிச்சுக்கிட்டே, "தம்பி, உங்க சாமி சாப்பாடு ரொம்ப கனமா இருக்கு"ன்னார்.

எனக்கு அது நெஞ்சுல குத்திடுச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஜனங்களைத் திட்டிக்கிட்டே வந்தேன். ஒரு பந்தல்ல வாங்குறது, ரெண்டு வாய் சாப்பிடுறது, அடுத்த பந்தல் வந்ததும் இதைக் கீழ வச்சிட்டு அதை வாங்குறது. நம்ம பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969ல இருந்து இருக்கு. தைப்பூசம் வந்தா சாப்பாட்டை வீணாக்காதீங்க, தேங்காய் உடைக்கிறதைக் குறைங்கன்னு எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. யார் கேக்குறா? இப்படியெல்லாம் புலம்பிக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜெலுத்தோங்கில இருக்கிற எங்க பிளாட்டுக்கு வந்து, தண்ணி குடிக்க ஐஸ்பெட்டியைத் திறந்தேன்.

ஒரு டப்பா காலில விழுந்துச்சு. மூடி திறந்துக்கிச்சு. உள்ள சாம்பார், எந்த நாள் சாம்பார்னு தெரியல. பின்னாடி தள்ளிப் பார்த்தா இன்னும் அஞ்சு டப்பா. கீழ் தட்டுல கீரைக்கட்டு ரெண்டு, பிளாஸ்டிக் பைக்குள்ளயே கரைஞ்சு பச்சைத் தண்ணியா நிக்குது. அந்த நேரத்துல அதையெல்லாம் ஒரு பையில போட்டுக் கட்டித் தூக்கினேன். கனமா இருந்துச்சு. அந்தப் பெரியவர் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஊரைத் திட்ட எனக்கு வாய் வரல.

இன்னொரு விஷயமும் சொல்லணும். நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில ஒப்பரேட்டரா நுழைஞ்சு இன்னிக்கு சூப்பர்வைசரா இருக்கேன். வருஷ ஆரம்பத்துல இருந்து எங்க லைன்ல ஓ.டி.யைக் குறைச்சிட்டாங்க. மாசம் கைக்கு வர்ற காசுல கிட்டத்தட்ட 600 வெள்ளி போச்சு. மூத்த மகன் சிங்கப்பூர்ல வேலை, அவன் குடும்பம் அவனுக்கு. மகள் ஜொகூர்ல படிக்கிறா. கடைசிப் பையன் இந்த வருஷம் எஸ்.பி.எம். எடுக்கிறான். 600 வெள்ளிக்கு எங்க போறதுன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. பகுதி நேரமா டெலிவரி ஓடலாமான்னு கூட யோசிச்சேன். இந்த வயசுல ராத்திரியில மோட்டார் சைக்கிள்.

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. ஃபேக்டரியில ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலயும் நான் ஸ்கிராப் எழுதுறேன். எத்தனை பீஸ் வீணாச்சு, எந்த மெஷின்ல, ஏன், யார் ஷிப்ட்ல. ஒரு பீஸ் கூட கணக்கில்லாம குப்பைக்குப் போகாது. வீட்டுல என்ன வீணாகுதுன்னு கேட்டா எனக்கு ஒரு நம்பர் கூடத் தெரியாது.

சரின்னு 19 வெள்ளிக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம். பிப்ரவரி 17 திங்கள்ல இருந்து மார்ச் 16 ஞாயிறு வரைக்கும் 28 நாள். தூக்கிப் போடுற சாப்பாட்டை எல்லாம் நிறுத்து எழுதணும். தோல், எலும்பு, காம்பு இதெல்லாம் சேக்கக் கூடாது. சாப்பிட்டிருக்கக்கூடிய பொருள் மட்டும். பக்கத்துல ஒரு காலம்: ஏன் வீணாச்சு?

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன். மனைவிகிட்ட முதல்ல பேசவே இல்ல. தராசைக் கொண்டுவந்து சமையல்கட்டுல வச்சிட்டு, ஃபேக்டரியில மீட்டிங்ல பேசுற மாதிரி, "இனிமே இதுல நிறுத்துதான் போடணும், எழுதணும்"னு சொன்னேன்.

அவங்க கரண்டியைக் கீழ வச்சாங்க. "என் சமையலைக் கணக்குப் பாக்குறீங்களா? 28 வருஷமா ஆக்கிப் போட்டிருக்கேன். ஒப்பரேட்டர் பொண்ணுங்களை மிரட்டுற மாதிரி என்னை மிரட்டாதீங்க."

ரெண்டு நாள் பேச்சு இல்ல. மூணாவது நாள் நான் வேலை முடிஞ்சு வந்து சட்டியைத் திறந்தா ஒரு பருக்கை இல்ல. கழுவிக் கவுத்திருக்கு. "நிறுத்துப் பாருங்க, சைபர்தான் வரும்"னு உள்ளே இருந்து சத்தம். பையன் சிரிச்சிட்டான். நானும் சிரிச்சிட்டேன். அன்னிக்கு மெகி மீதான் சாப்பாடு. அப்புறம் உக்காந்து 600 வெள்ளி கதையை முழுசா சொன்னேன். ஓ.டி. குறைஞ்சதை அதுவரைக்கும் நான் சொல்லாமலே மறைச்சு வச்சிருந்தேன். அதைக் கேட்டுட்டு அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "முன்னாடியே சொல்லியிருந்தா நானே நிறுத்திருப்பேன்ல"ன்னாங்க. அந்த நாள்ல இருந்து நோட்டுல அவங்க கையெழுத்துதான்.

28 நாள் கணக்கு இதுதான்.

சோறு 9.4 கிலோ. குழம்பு, கறி, பொரியல் 5.1 கிலோ. சமைக்காமலே அழுகின காய்கறி, கீரை, பழம் 6.3 கிலோ. ரொட்டி, புளிச்சுப்போன தோசை மாவு, மிஞ்சின தேங்காய்ப்பால் இந்த மாதிரி 2.2 கிலோ. மொத்தம் 23 கிலோ.

மூணு பேர் இருக்கிற வீட்டுல 23 கிலோ. இதே மாதிரி போனா வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 100 கிலோ வருது. ஐக்கிய நாடுகள் சபையோட சுற்றுச்சூழல் திட்டம் 2024ல ஒரு அறிக்கை விட்டாங்க. 2022ல உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கு, அதுல 60 விழுக்காடு வீடுகள்ல இருந்து வந்ததுன்னு அதுல இருக்கு. கடையும் ஹோட்டலும்தான் வீணாக்குதுன்னு நான் நினைச்சிருந்தேன். வீட்டுல மட்டும் சராசரியா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோவாம். அந்தக் கணக்குல தோலும் எலும்பும் கூட சேரும். நான் அதைச் சேக்காமலே 100.

இப்ப காசு. எடையை மட்டும் பார்த்தா சோறுதான் பெரிய குத்தவாளி. ஆனா 9.4 கிலோ சோறுன்னா அரிசியா சுமார் மூணரை கிலோ. 14 வெள்ளி. 2023 செப்டம்பர்ல இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350ல இருந்து 3,200 வெள்ளிக்கு ஏறினப்ப நாம எவ்வளவு புலம்பினோம்! நானும்தான். அதே நேரத்துல குழம்பு, கறியில மட்டும் 66 வெள்ளி போயிருக்கு, ஏன்னா அதுல மீன் இருக்கு, கோழி இருக்கு, எண்ணெய், தேங்காய், கேஸ் எல்லாம் இருக்கு. காய்கறி, பழம் 38 வெள்ளி. மத்தது 22. மொத்தம் 140 வெள்ளி.

வருஷத்துல இப்படி 13 தடவை 28 நாள் வருது. 13 தரம் 140, 1,820 வெள்ளி. நம்ம நாட்டுல 2025 பிப்ரவரியில குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 ஆச்சு. எங்க லைன்ல புதுசா சேர்ற பையன் ஒரு மாசம் முழுக்க நின்னு வேலை செஞ்சு வாங்குற சம்பளத்தைவிட அதிகமா நாங்க கறுப்புப் பையில கட்டிக் கீழ கொண்டுபோய் வச்சிருக்கோம். நான் டெலிவரி ஓட யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்து அந்தக் "ஏன்" காலம். நோட்டுல மொத்தம் 61 வரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அவங்களும் உக்காந்து எண்ணினோம்.

"அப்பா வெளிய சாப்பிட்டுட்டு வந்துட்டார்": 22 வரி. 11 நாள், சோறு தனி, குழம்பு தனி. மார்ச் 2 நோன்பு ஆரம்பிச்சதும் ஃபேக்டரி பக்கத்துல பசார் ரமதான் போட்டாங்க. வேலை விட்டு வர்றப்ப நண்பர்களோட அயாம் பெர்சிக், முர்தபாக்னு நின்னுடுவேன். வீட்டுல சமைச்சு வச்சிருப்பாங்க. ஒரு போன் பண்ணியிருக்க மாட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அதிகமா வாங்கிட்டார்": 15 வரி. மார்க்கெட்டுக்குப் போறதும் நான்தான். கீரை ஒரு கட்டு 2 வெள்ளி, மூணு கட்டு 5 வெள்ளி. 1 வெள்ளி மிச்சம்னு மூணு வாங்குவேன். ஒண்ணு சமைப்பாங்க, ரெண்டு அழுகும். 1 வெள்ளி லாபம் பார்த்து 3 வெள்ளி கூடக் குடுத்திருக்கேன்.

"வழக்கமா ஆக்குறதை ஆக்கினேன், மிஞ்சிடுச்சு": 12 வரி.

"மறந்துட்டோம், உள்ளே தள்ளி இருந்துச்சு": 8 வரி.

"வியாழன் மீன் குழம்பு": 4 வரி. இது நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வியாழன் மீன் வைப்பாங்க. வெள்ளி சைவம், தொட மாட்டோம். சனிக்கிழமை அது யாருக்கும் வேண்டாம்.

22ம் 15ம் 37. மொத்தம் 61ல 37 வரிக்கு நான் காரணம். ஃபேக்டரியில இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட் வந்தா அந்த ஆளை என் மேசைக்குக் கூப்பிட்டிருப்பேன். என் மனைவி ஒண்ணும் சொல்லல. பேனாவை மூடி நோட்டு மேல வச்சாங்க, அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். வாயைத் திறந்து, "தப்பு என்னுதும்மா"ன்னு சொன்னேன். எங்க கல்யாணத்துல இருந்து இப்படிச் சொன்னது எத்தனை தடவைன்னு விரல் விட்டு எண்ணிடலாம்.

அப்ப அவங்க அந்த 12 வரியைக் காட்டி, "இது மட்டும் என்னுது"ன்னாங்க.

எங்க வீட்டுல அரிசி அளக்கிறது ஒரு பழைய பால் டின். கெட்டிப் பால் வர்ற டின். எங்க அம்மா காலத்து டின். ஒரு டின் அரிசி சுமார் கால் கிலோ. அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேர், மூணு பிள்ளைங்கன்னு ஏழு பேர் இருந்தப்ப ஒரு வேளைக்கு மூணு டின். இன்னிக்கு மூணு பேர். மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்துக் காலையில ஒரே தடவை மூணு டின் போடுறாங்க. அப்படியும் மிஞ்சுது. ஏன் ரெண்டாக்கலன்னு நான் சாதாரணமாத்தான் கேட்டேன்.

"அத்தை போனப்ப ரெண்டாக்கலாம்னு நினைச்சேன். மூணாவது டின்னை அள்ளிட்டுத் திரும்பக் கொட்டணும். கை வரல. அப்புறம் தம்பி சிங்கப்பூர் போனான், அப்பவும் வரல. பாப்பா போனா. ரெண்டு டின்னுதான்னு போட்டா, வீட்டுல யாருமே இல்லன்னு ஆயிடும்ல"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எந்த ரிப்போர்ட்லயும் இந்தக் காரணத்தை எழுத ஒரு காலம் கிடையாது.

எங்க அம்மாவும் அப்படித்தான். சட்டியை வழிச்சு வைக்கவே விட மாட்டாங்க. "வாசல்ல யாராச்சும் வந்து நின்னா ஒரு பிடி சோறு இருக்கணும்" என்பாங்க. அம்மா கெடா பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. பாட்டி ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் வந்து 1945 வரைக்கும் இருந்தான். அரிசி கிடைக்காம மரவள்ளிக்கிழங்கைத் தின்னு உயிர் பிழைச்ச சனம். பாட்டி கடைசி வரைக்கும் மரவள்ளியைத் தொட மாட்டாங்க. அந்தப் பயம்தான் ஒரு பிடி மிச்சம் வைக்கிற பழக்கமா அம்மாவுக்கு வந்துச்சு, அம்மாகிட்ட இருந்து என் மனைவிக்கு வந்துச்சு. பசியில பிறந்த பழக்கம் அது. அதைப் போய் நான் "வேஸ்ட்"டுன்னு ஒரு வார்த்தையில எழுதப் பார்த்தேன்.

ஆனா பாட்டி காலத்துல மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்தி வைப்பாங்க. காலையில வெங்காயம், பச்சை மிளகாயோட அதுதான் பசியாற. ஒரு பருக்கை குப்பைக்குப் போனதில்ல. நாங்க மிச்சம் வைக்கிற பழக்கத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டோம், மிஞ்சினதைச் சாப்பிடுற பழக்கத்தை விட்டுட்டோம்.

அதனால எங்க வீட்டுல செஞ்ச மாத்தங்களை எழுதுறேன். பெரிய வித்தை எதுவும் இல்ல.

1. சாயங்காலம் 4 மணிக்குள்ள குடும்ப வாட்ஸ்அப்ல நான் ஒரு வார்த்தை போடணும். "உண்டு" இல்லன்னா "இல்ல". போடலன்னா "இல்ல"ன்னு அர்த்தம். ரெண்டு தடவை மறந்து ரொட்டி சாப்பிட்டேன். அப்புறம் மறக்கல.

2. மார்க்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஐஸ்பெட்டியைத் திறந்து போன்ல ஒரு படம் எடுத்துக்குவேன். கடையில நின்னு அதைப் பார்த்துத்தான் வாங்குறது. கீரை ஒரு கட்டு மட்டும். புதன்கிழமை வேணும்னா பக்கத்துக் கடையில இன்னொண்ணு. கட்டுக்கு விலை கூடத்தான், மொத்தச் செலவு குறைவு.

3. ஐஸ்பெட்டியில மேல் தட்டுல, கண்ணுக்கு நேரா ஒரு கூடை. "முதல்ல இதை"ன்னு பையன் எழுதி ஒட்டியிருக்கான். ஸ்டோர்ல முதல்ல வந்த சரக்கு முதல்ல போகணும்ங்கிற அதே விதிதான். டப்பா எல்லாம் இப்ப உள்ளே தெரியுற டப்பா. ஐஸ்கிரீம் டப்பாவுல சாம்பார் வைக்கிறதை நிறுத்தியாச்சு.

4. மீன் குழம்பு செவ்வாய், புதன். வியாழன் கொஞ்சமா ஏதாவது ஒரு கறி, அன்னிக்கே முடியுற மாதிரி.

5. பால், ரொட்டி, டின் எல்லாத்துலயும் தேதியைப் படிக்கிறோம். "தாரிக் லூபுட்"னு போட்டிருந்தா அந்தத் தேதிக்கு அப்புறம் வேண்டாம். "பாய்க் செபெலும்"னு இருந்தா அது ருசி, தரம் நல்லா இருக்கிற தேதி. அடுத்த நாளே விஷம் ஆயிடாது. முகர்ந்து பார்த்து முடிவு பண்ணலாம்.

6. மிஞ்சின தேங்காய்ப்பாலை ஐஸ்கட்டித் தட்டுல ஊத்தி உறைய வச்சிடுறோம். குழம்புக்கு ரெண்டு கட்டி, மூணு கட்டின்னு எடுத்துக்கலாம்.

7. அரிசி ரெண்டு டின்.

மூணாவது டின் விஷயத்துக்கு வழி கண்டுபிடிச்சது என் மனைவிதான். வாரத்துல ஒரு நாள், சனிக்கிழமை மட்டும், மூணு டின் போடுவாங்க. மிஞ்சுற சோத்தை ஒரு ஆளுக்கு ஒரு டப்பான்னு போட்டு ஃபிரீசர்ல வச்சிடுவாங்க. "இது வாசல்ல வர்றவங்களுக்கு"ன்னாங்க. அம்மா சொன்ன ஒரு பிடி சோறு இப்ப எங்க ஃபிரீசர்ல இருக்கு. யாரும் வரலன்னா அடுத்த வெள்ளிக்கிழமை நாங்களே எடுத்துக்குவோம்.

இதுல ஒரு எச்சரிக்கை. காலையில ஆக்கின சோத்தை குக்கரை அணைச்சிட்டு ராத்திரி வரைக்கும் அப்படியே வெளிய விட்டு, அப்புறம் வறுத்துச் சாப்பிடாதீங்க. அரிசியில இருக்கிற ஒரு வகைக் கிருமியோட வித்து வேக வச்சாலும் சாகாது. நம்ம ஊர் சூட்டுல சோறு ஆறிக் கிடந்தா அது பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள, பரந்த டப்பாவுல கொஞ்சம் கொஞ்சமா போட்டு உள்ளே வச்சிடுங்க. காசு மிச்சம் பண்ணப் போய் கிளினிக்ல கட்டக்கூடாது.

ஏப்ரல் 7ல இருந்து மே 4 வரைக்கும் திரும்ப 28 நாள் நிறுத்தோம். 23 கிலோ 7.6 கிலோவா குறைஞ்சுது. 140 வெள்ளி 46 ஆச்சு. மிச்சம் 94 வெள்ளி.

தெரியும், 94 வெள்ளியில போன 600 திரும்பி வந்துடாது. பொய் சொல்ல மாட்டேன். மீதிக்கு நான் இன்னும் திண்டாடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எனக்கு 94 வெள்ளின்னா கிட்டத்தட்ட நாலு மணி நேர ஓ.டி. அந்த நாலு மணி நேரம் நான் மெஷின் சத்தத்துல நிக்க வேண்டாம். வருஷத்துக்கு 1,222 வெள்ளி. மகள் ஜொகூர்ல இருந்து வந்து போற பஸ் டிக்கெட் இப்ப அந்தக் காசுலதான் போடுறோம்.

இன்னொரு சம்பவம். ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சு. மூணு மணிக்கு புக்கிட் மெர்தஜத்துல இருந்து சித்தப்பா குடும்பம் அஞ்சு பேர், சொல்லாம வந்து நின்னாங்க. சட்டியில சோறு இல்ல. எனக்குக் கை கால் ஓடல. என் மனைவி ஃபிரீசரைத் திறந்து அஞ்சு டப்பா எடுத்து ஆவியில வச்சாங்க. ரசம் சூடு பண்ணி, முட்டை பொரிச்சு, அப்பளம் போட்டு இருபது நிமிஷத்துல இலை போட்டுட்டாங்க. சித்தப்பா சாப்பிட்டுக்கிட்டே, "அண்ணி இருந்த மாதிரியே இருக்கு"ன்னார். என் மனைவி சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரம் வெளிய வரல.

கோயில் விஷயமும் சொல்லிடுறேன். எங்க வெள்ளிக்கிழமை அன்னதானத்துலயும் சின்னச் சின்ன மாத்தம் செஞ்சிருக்கோம். கரண்டியைச் சின்னதாக்கினோம். போடுறதுக்கு முன்னாடி "எவ்வளவு போடட்டும்?"னு கேக்குறோம். ரெண்டாவது தடவை கேட்டு வர்றவங்களைக் காத்திருக்க விடாம, நாங்களே சட்டியோட வரிசையில போறோம். ஏன்னா வயசானவங்க சில பேர் கூச்சப்பட்டுத் திரும்பக் கேக்க மாட்டாங்க. கரண்டி சின்னதானதுனால அவங்க அரை வயித்தோட போயிடக்கூடாது.

இதுல நான் ஒரு பாவத்தையும் ஒத்துக்கணும். முன்னெல்லாம் யாராவது சாப்பாட்டைப் பையில கட்டினா நான் தடுப்பேன். "இங்க சாப்பிடத்தான், தாப்பாவ் பண்ண இல்ல"ன்னு ஒரு பாட்டிகிட்ட கூடச் சொல்லியிருக்கேன். பந்தி முடிஞ்சதும் அதே சோத்தை நானே மூட்டை கட்டி வெளிய வைப்பேன். இப்ப பந்தி முடியுற நேரத்துல டப்பாவை வரிசையா அடுக்கி வைக்கிறோம். பேர் கேக்குறதில்ல, காரணம் கேக்குறதில்ல. வேணும்னா எடுத்துக்கலாம். நல்ல எண்ணத்துல, ஒழுங்கா பாதுகாத்து உணவு தானம் பண்றவங்களுக்குப் பாதுகாப்புக் குடுக்கிற சட்டம் 2020ல நம்ம நாட்டுல வந்துடுச்சு. அந்தப் பாட்டி இன்னும் வர்றாங்க. இப்ப ரெண்டு டப்பா எடுத்துக்கிறாங்க. பேரனுக்காம்.

மலேசியாவுல ஒரு நாளைக்கு சுமார் 17,000 டன் உணவுக் கழிவு வருதுன்னும், அதுல 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில இருக்கிற சாப்பாடுன்னும் திடக்கழிவுக் கழகம் சொல்லியிருக்கு. நம்ம பினாங்கு குப்பை பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகுது. 2022 ஜனவரியில அங்க தீப்பிடிச்சுப் பல நாள் புகைஞ்சது ஞாபகம் இருக்கும். புதைஞ்சு அழுகுற சாப்பாட்டுல இருந்து மீத்தேன் வாயு வருது, நாத்தத் தண்ணி வடியுது. 2016 ஜூன்ல இருந்து பினாங்குல குப்பையைப் பிரிச்சுப் போடச் சொல்றாங்க. பிரிச்சுப் போடுறது நல்லது. போடாமலே இருந்தா இன்னும் நல்லது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். தராசு வாங்கணும்னு அவசியம் இல்ல. ஒரு வாரம், ஏழே நாள், தூக்கிப் போடுறதை ஒரு தாளில எழுதுங்க. பக்கத்துல ஏன்னு எழுதுங்க. யாரையும் குத்தம் சொல்ல அந்தத் தாளை எடுக்காதீங்க. முக்கியமா அண்ணன்மார்களே, தம்பிமார்களே, சமைக்கிறவங்களைக் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி அந்தத் தாளில நம்ம பேர் எத்தனை தடவை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அடுத்த தைப்பூசத்துக்கும் குப்பை மூட்டை கட்ட நான்தான் நிப்பேன். அந்தப் பெரியவர் வந்தா, இந்தத் தடவை மூட்டை கொஞ்சம் லேசா இருக்கணும். அதுக்கு இப்பவே பேச ஆரம்பிச்சிருக்கோம். மூட்டை கட்ட ஆள் பத்தல. வர விருப்பம் உள்ளவங்க கோயில்ல என்னைப் பாருங்க.

முருகன் துணை.